மேஜை மேடம் எழுதாமல் விட்ட வரி

நகர மன்றத்தில் யார் ஆள்கிறார்கள், யார் எதிரில் இருக்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மின்விசிறி யார் தலைக்கு மேல் சுற்றுகிறது என்று பார்த்தால் போதும். கூடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை நாற்காலிகள். ஒரு வரிசைக்கு மேல் மூன்று மின்விசிறிகள். இன்னொரு வரிசைக்குப் பின்னால் மூன்று ஜன்னல்கள், அவற்றின் வழியாக முழு வெயில். தேர்தலில் ஜெயித்தவர்கள் மின்விசிறிப் பக்கம் போவார்கள். தோற்றவர்கள் ஜன்னல் பக்கம் வந்து, தீர்மான நகல்களால் விசிறிக்கொண்டு, ஜனநாயகத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

இரண்டு வரிசைக்கும் நடுவில், எந்தப் பக்கத்துக் காற்றும் வராத இடத்தில், ஒரு சின்ன மேஜை. அதன் பின்னால் மன்றத்தின் பதிவாளராக இருபது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவளைப் பற்றியது இது. கூட்டத்தில் யார் என்ன பேசினாலும் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு முழுதாக எழுதி, வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது அவள் வேலை. மன்றத்தில் அவளுக்குப் பெயர் மேஜை மேடம். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைப் படித்தவர் சம்பளப் பிரிவுக்காரர் ஒருவர்தான்.

அந்தப் பெயரைக் கொடுத்தவர் பல் டாக்டர். கொடுத்த நாளில் அது பெயராக இல்லை, திட்டாகத்தான் இருந்தது.

பல் டாக்டருக்கும் டிரைவிங் ஸ்கூல் அம்மாவுக்கும் உள்ள பகை மன்றத்தை விடப் பழையது என்று ஊரில் சொல்வார்கள். அவ்வளவெல்லாம் இல்லை. இருவருடைய தொழிலும் ஒரே கட்டடத்தில். மாடியில் கிளினிக், கீழே டிரைவிங் ஸ்கூல். ஒரு நாள் வண்டி பழக வந்த யாரோ காரைக் கொண்டுபோய் மாடிப்படிக்கு நேராக நிறுத்திவிட்டார். பின்னால் எடுக்கத் தெரியவில்லை. கன்னம் வீங்கிய நோயாளிகள் காரைச் சுற்றி வந்து, பக்கவாட்டில் நுழைந்து படியேற வேண்டியிருந்தது. வாய்ச்சண்டை முற்றி, அடுத்த தேர்தலில் டாக்டர் ஒரு கட்சியில் நின்றார். அது தெரிந்த மறுநாளே அந்தம்மா எதிர்க்கட்சியில் போய் நின்றார். இருவரும் ஜெயித்துத் தொலைத்தார்கள்.

பதிவாளர் வேலைக்கு வந்த மூன்றாம் நாள். அப்போது டாக்டர் மின்விசிறிப் பக்கம். ஏதோ தெருவிளக்கு விவகாரத்தில் டிரைவிங் ஸ்கூல் அம்மாவைப் பார்த்து ஒன்று சொன்னார். அந்தம்மா கொதித்து எழுந்ததும், அப்படிச் சொல்லவே இல்லை என்று கையை விரித்தார். மன்றத் தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். யாரையும் எதிர்க்காத மனிதர் என்பதால் இரண்டு பக்கமும் சேர்ந்து அவரைத் தலைவராக்கியிருந்தது. அவர் மேஜையைப் பார்த்து, “என்ன எழுதியிருக்கோ அத வாசிம்மா” என்றார்.

அவள் எழுந்தாள். பயத்தில் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பஸ் நிலையத்தில் வண்டி எண்களைச் சொல்வார்களே, அப்படி வாசித்தாள்.

“பல் மருத்துவர்: உங்களுக்கு முன்னால் போகவும் தெரியாது, பின்னால் போகவும் தெரியாது, ஹாரன் அடிக்க மட்டும்தான் தெரியும். ஜன்னல் பக்கம் கூச்சல். பல் மருத்துவர்: நான் அப்படிச் சொல்லவே இல்லை. முற்றும்.”

முற்றும் என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பழக்கமில்லாததால் சொல்லிவிட்டாள். இரண்டு வரிசையும் சேர்ந்து சிரித்தது. தலைவரைத் தேர்ந்தெடுத்த பிறகு இரண்டு பக்கமும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான் என்பார்கள். டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. வேறு யாரையும் ஒன்றும் சொல்ல முடியாமல், “அட, மேஜைக்குக்கூட வாய் இருக்கே” என்றார்.

அவள் உட்கார்ந்து அதையும் எழுதினாள்.

அன்று ஃபைல் அறைக்குள் போய் அழுதாள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அழவில்லை. ஃபைல் அறைக்குள் போனது உண்மை. எழுதியதில் ஒரு சொல் விட்டுப்போனதோ என்ற சந்தேகத்தில், கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் சரிபார்த்தாள். வீட்டுக்குப் போய் சொன்னபோது அவள் கணவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். எதையும் மேலும் கீழுமாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

“மேஜைன்னா சொன்னாரு?”

“ஆமாங்க.”

“நாற்காலின்னு சொல்லியிருந்தா எல்லாரும் மேல ஏறி உக்காருவாங்க. மேஜைன்னா முன்னாடிதான் உக்காரணும். பரவால்ல, போ.”

அவள் பரவாயில்லை என்று நினைக்கவில்லை. வைராக்கியம் வந்துவிட்டது. மன்றத்தின் விதிப் புத்தகத்தைத் துறைத் தேர்வுக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்தாள். பிறகு உண்மையிலேயே துறைத் தேர்வு எழுதினாள், இரண்டு முறை. முதல் தடவை விதி ஒன்று தப்பு என்று விடைத்தாளிலேயே வாதாடி ஃபெயில் ஆனாள். வீட்டில் குரலுக்குப் பயிற்சி எடுத்தாள். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம், மகளின் மார்க் ஷீட், லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட யாரோ கணவருக்கு எழுதிய வசைக் கடிதம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒரே குரலில் வாசித்தாள். சிரிப்பு வந்தால் இடது கால் கட்டை விரலை மேஜைக் காலில் அழுத்திக்கொள்ள வேண்டும் என்று கண்டுபிடித்ததும் அப்போதுதான். “சித்தப்பா மாதிரி வாசிக்காதம்மா, பயமா இருக்கு” என்று மகள் சொன்ன பிறகுதான் தேறிவிட்டோம் என்று நம்பினாள். மகளின் சித்தப்பா எரிவாயு ஏஜென்சியில் புகார் கவுண்டரில் இருப்பவர்.

அதற்குப் பின் மன்றத்தில் எந்தச் சண்டை வந்தாலும், “மேஜைய வாசிக்கச் சொல்லுங்க” என்பது வழக்கமாகிவிட்டது. இதில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. எவ்வளவு பெரிய வசையாக இருந்தாலும் அவள் வாயில் வந்ததும் உப்பில்லாமல் போயிற்று. டாக்டர் தொண்டை புடைக்கக் கத்திய ‘கழுதை’, அவள் வாசிக்கும்போது பொருள் பட்டியலில் ஒரு கழுதை என்று கணக்கெடுப்பதுபோல இருந்தது. கத்தியவருக்கே, இதற்காகவா இவ்வளவு கத்தினோம் என்று தோன்றியது. ஓராண்டுக்குள் மிருகங்கள் எல்லாம் மன்றத்தை விட்டு வெளியேறின. அடுத்த ஆண்டு, பிறப்பு வளர்ப்பைப் பற்றிய பேச்சும் நின்றது.

திட்டாமல் இருக்க இருவராலும் முடியாது. ஆகவே திட்டுவதற்கு உழைக்க வேண்டியதாயிற்று. டாக்டர் கையில் குறிப்புகளோடு வர ஆரம்பித்தார். டிரைவிங் ஸ்கூல் அம்மா வண்டி கற்றுக்கொடுக்கும்போதே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வாய்விட்டு ஒத்திகை பார்ப்பார். தங்களைத்தான் திட்டுகிறார் என்று பழகுகிறவர்கள் நடுரோட்டில் பிரேக்கை மிதித்தார்கள். ஒரு கூட்டத்தில் டாக்டர், “உங்க வார்டுல மூணு மாசத்துல பதினேழு நாள் தண்ணி வரல, தெரியுமா?” என்றார். அந்தம்மாவுக்குத் தெரியவில்லை. அந்த அவமானம் தாங்காமல் தெருத்தெருவாக நடந்து குழாய்களை எண்ணினார். அடுத்த கூட்டத்தில் டாக்டர் வார்டில் இருபத்திரண்டு நாள் என்று நிரூபித்தார். இரண்டு வார்டிலும் குழாய் மாற்றப்பட்டது. ஊருக்கு ஏதாவது நல்லது நடந்திருக்கிறதென்றால், பாதிக்கு மேல் இவர்கள் ஒருவர் மூக்கை ஒருவர் உடைக்கப் போய் நடந்ததுதான்.

இதற்கிடையில் மேஜை என்பது மேஜையம்மா ஆகி, மேஜை மேடம் ஆனது. யாரும் அறிவிப்புக் கொடுத்து மாற்றவில்லை. ஒரு நாள் டாக்டரே ஃபைல் அறை வாசலில் நின்று, “மேஜை மேடம், உள்ள வரலாங்களா?” என்று கேட்டார். அவர் முகத்தில் கேலி எதுவும் இல்லை.

இப்போது அந்த வரிக்கு வருவோம்.

தேர்தலுக்கு ஆறு வாரம் இருந்தது. மின்விசிறிப் பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் அம்மா, ஜன்னல் பக்கத்தில் டாக்டர். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடுகளை எந்த இடத்தில் போடுவது என்பது அன்றைய பொருள். டாக்டர் நாற்பது நிமிடம் பேசினார். மற்ற நாடுகளின் வெள்ளைக் கோடுகளைப் பற்றிச் சொன்னார். கோடு என்பதன் தத்துவத்துக்கு வந்தபோது தலைவர் தன் கடைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது டிரைவிங் ஸ்கூல் அம்மா எழுந்து, “டாக்டர், உங்க கிளினிக்ல” என்று ஆரம்பித்தார். அதற்குள் ஜன்னல் பக்கம் நாற்காலிக் கைகளைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. ஒலிபெருக்கி வேறு ஊளையிட்டது. பக்கத்து நாற்காலிகளில் இரண்டு பேருக்குப் பாதி கேட்டு, அவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததால் மின்விசிறிப் பக்கம் முழுதும் சிரித்தது. டாக்டர், “என் தொழிலை இழிவுபடுத்திட்டாங்க” என்று வெளிநடப்புச் செய்தார்.

முழு வரியும் கேட்டது ஒருவருக்குத்தான். இருவருக்கும் இரண்டு கை தூரத்தில் நடுவில் இருந்தவளுக்கு. அது என்ன வரி என்பதை அவள் வாயாலேயே கேட்பதுதான் முறை, கொஞ்சம் பொறுங்கள். கேட்டதும் அவள் கட்டை விரல் மேஜைக் காலைத் தேடிப் போனது. போய்ச் சேர்வதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வரவில்லை. ஆனால் தோள் குலுங்கியது, கண்ணில் நீர் முட்டியது, பேனா நின்றது. நிமிர்ந்தபோது டாக்டர் வாசலைத் தாண்டியிருந்தார். குறிப்பேட்டில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

கூடமே கலவரத்தில் இருந்ததால் அவள் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை. அதுதான் சங்கடமே. பார்த்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

மறுநாள் டாக்டரின் கட்சி நோட்டீஸ் அடித்தது. ‘உயிர் காக்கும் மருத்துவரைக் கசாப்புக்காரன் என்பதா?’ பல்லைப் பிடுங்குவதில் உயிர் எங்கே வந்தது என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் எழுத்துமூலம் புகார் கொடுத்தார். தலைவர், டாக்டர், டிரைவிங் ஸ்கூல் அம்மா மூவரும் கொண்ட பதிவுக் குழு ஒரு வாரத்தில் கூடி, சொன்னது என்ன என்று முடிவு செய்ய வேண்டும். அதே குழுதான் அடுத்த மாதம் ஓய்வுபெறும் மன்றச் செயலாளரின் இடத்துக்கு ஆளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மூவரும் ஒத்துக்கொண்டால்தான் செல்லும். விண்ணப்பித்தவர் ஒருவர்தான். பத்தொன்பது ஆண்டு காத்திருந்த மேஜை மேடம்.

செயலாளர் ஆனால் தனி அறை, சாத்திக்கொள்ளக் கதவு, மன்றத்தின் எந்தத் தாளிலும் கடைசிக் கையெழுத்து. அவள் கணவர் ஒரு வேலையாக வந்தவர்போல வந்து, அந்த அறை ஜன்னலைத் திரைச்சீலைக்கு அளந்துகொண்டு போயிருந்தார்.

ஆனால் விதி பதினான்கு என்று ஒன்று இருந்தது. பதிவு செய்யும் ஊழியர் சிரிப்பு, வியப்பு, தலையசைப்பு முதலிய எதையும் அவையில் வெளிக்காட்டலாகாது. மீறினால் கண்டனம். கண்டனம் பெற்றவருக்கு ஓராண்டு பதவி உயர்வு கிடையாது. இந்த விதியைக் கொண்டுவந்தவர் பல் டாக்டர். அவளுக்கு முன்பிருந்த பதிவாளர் தூக்கத்தில் தலையாட்டியதை, எதிர்க்கட்சிப் பேச்சுக்கு ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டு கொண்டுவந்தது. விட்டுப்போன வரியை நினைவிலிருந்து சேர்க்கலாம், விதி இருபது அனுமதிக்கிறது. ஏன் விட்டுப்போனது என்ற காரணத்தையும் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது.

“சத்தத்துல கேக்கலன்னு போட்டுடேன்” என்றார் கணவர். “யார் போய் பாக்கப்போறாங்க?”

“கேட்டுச்சேங்க.”

“கேட்டது உனக்கும் எனக்கும்தான தெரியும்.”

“உங்களுக்கும் இன்னும் சொல்லலியே.”

“அதான் நானும் கேக்கறேன், என்னதான் சொன்னாங்க?”

“குழு கேட்டா சொல்றேன்.”

அவர் திரைச்சீலை அளவு எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கேட்கவில்லை என்று எழுதுவது சின்ன விஷயம்தான். வேறு ஊர்களில் பக்கத்துக்கு நான்கு இடத்தில் எழுதுகிறார்கள். அவள் பத்தொன்பது ஆண்டில் ஒருமுறைகூட எழுதியதில்லை. அது ஒன்றுதான் அவளுக்கு இருந்த கர்வம். அது இவ்வளவு இடைஞ்சலான இடத்தில் வந்து நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை.

இரண்டாம் நாள் டாக்டர் ஃபைல் அறைக்கு வந்தார். வாயெல்லாம் பல்.

“மேஜை மேடம், குறிப்புல இருக்குதானே?”

“இல்ல டாக்டர்.”

“ஞாபகத்துல?”

“குழு கேட்டா சொல்றேன்.”

“கசாப்புக்காரன்னுதான சொன்னாங்க? எனக்கு நல்லாக் கேட்டுச்சு.”

“அப்ப நீங்க சந்தேகப்பட வேண்டியதே இல்லையே, டாக்டர்.”

அவர் ஒரு ஃபைலை எடுத்துப் புரட்டினார். தலைகீழாக இருந்தது. “செயலாளர் இடத்துக்கு நீங்கதான் வரணும்னு நான் எப்பவும் சொல்லிக்கிட்டே இருக்கேன்.”

“யார்கிட்ட டாக்டர்?”

“இப்ப உங்ககிட்ட சொல்றேன்ல.”

மூன்றாம் நாள் மாடிப்படியில் டிரைவிங் ஸ்கூல் அம்மா வழிமறித்தார். ஊரையே மிரட்டுகிறவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“உண்மையச் சொல்லிடறேன் மேடம். நான் என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகமில்ல. ஒத்திகை பாத்தது வேற. கோவத்துல வேற ஏதோ வந்துடுச்சு. நெஜமாவே கசாப்புன்னு சொல்லிட்டேனா?”

“குழு கேட்டா சொல்றேங்க.”

“உங்களுக்கு நெஞ்சா, சிமெண்டா?” அந்தம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “குறுக்கீடுன்னு ஒரே ஒரு வார்த்தை போட்டுடுங்க. யாருக்கும் வலிக்காது. நான் உங்க பக்கம் இருக்கேன்.”

பயந்த முகம் அது. ஆறு வாரத்தில் தேர்தல். கசாப்பு என்பது நிரூபணமானால் தோற்றுவிடுவோம் என்ற பயம் ஒரு பங்கு. அப்படியொரு சொல் தன் வாயிலிருந்து வந்திருக்குமோ என்ற பயம் மூன்று பங்கு. இத்தனை ஆண்டில் அந்தம்மாவும் மாறித்தான் போயிருந்தார். அவருக்கே அது தெரியவில்லை. மேஜை மேடத்துக்கு வாய் வரை வந்தது. அப்படி இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் குழுவுக்கு முன்பே ஒரு பக்கத்துக்குச் சொன்னதாகும். தலையை மட்டும் குனிந்துகொண்டு படியிறங்கினாள். அதுகூட தலையசைப்பாகுமோ என்று கீழே வந்த பிறகு கவலைப்பட்டாள்.

குழு கூடிய அறையில் ஒரு நீள மேஜை, நான்கு நாற்காலி, தண்ணீர் ஜாடி. தலைவர் நடுவில். டாக்டர் தன் புகாரை எழுந்து நின்று படித்தார், பன்னிரண்டு நிமிடம். டிரைவிங் ஸ்கூல் அம்மா விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிம்மா” என்றார் தலைவர். “குறிப்புல இல்லைங்கற. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு ஐயா.”

“வாசி. இல்ல, சொல்லு.”

மேஜை மேடம் எழுந்து, எப்போதும்போல முன்சுவரைப் பார்த்துக்கொண்டு, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்.

“டிரைவிங் ஸ்கூல் உறுப்பினர்: டாக்டர், உங்க கிளினிக்ல மரத்துப்போற ஊசி போட்டுட்டுத்தானே ஆரம்பிப்பீங்க. இங்க மட்டும் ஏன் ஊசி போடாமலே ஆரம்பிச்சிட்டீங்க? மின்விசிறிப் பக்கம் சிரிப்பு.”

முதலில் தலைவரின் மூக்கு விரிந்தது. அப்புறம் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். டாக்டரின் காது இரண்டும் சிவந்தன. டிரைவிங் ஸ்கூல் அம்மா மெதுவாக நிமிர்ந்தார்.

“இதையா நான் சொன்னேன்?”

“ஆமாங்க.”

“நானே சொன்னேனா?” ஒத்திகை இல்லாமல் இப்படியொன்று தன் வாயில் வரும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. இருபது வயது குறைந்தது போலிருந்தார்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். “இது எதுக்காக விட்டுப்போச்சு?”

“சிரிச்சுட்டேன் டாக்டர்.”

“யாரு?”

“நான்தான்.”

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று மூவரும் காத்திருந்தார்கள். அவர் வேறு எதற்கோ காயப்பட்டவர்போல இருந்தார். “பத்தொம்பது வருஷமா நான் பேசறேன். நான் என்னென்ன சொல்லியிருக்கேன். ஒரு நாளாவது உதடு அசைஞ்சிருக்கா? இவங்க சொன்னதுக்குச் சிரிச்சிருக்கீங்க.”

“ஆளப் பாத்துச் சிரிக்கல டாக்டர்.”

“அப்ப எதப் பாத்து?”

“நாப்பது நிமிஷம் ஆகியிருந்துச்சு” என்றாள் மேஜை மேடம். அதில் கேலி எதுவும் இல்லை. நேரக் குறிப்பில் அப்படித்தான் இருந்தது.

டாக்டர் கெட்டிக்காரர். இந்த வரி பலகையில் ஒட்டப்பட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட அவருக்கு அரை நிமிடம் போதும். “நான் பெருந்தன்மையா புகார வாபஸ் வாங்கிக்கறேன். வரியும் வேண்டாம், காரணமும் வேண்டாம். மேடத்துக்குக் கண்டனமும் வராது. செயலாளர் ஆகட்டும்.”

“அதெப்படி?” என்று டிரைவிங் ஸ்கூல் அம்மா துள்ளி எழுந்தார். “நான் சொன்னது பதிவுல ஏறணும். இதுவரைக்கும் இப்படி ஒண்ணு நான் சொன்னதே இல்ல. நானே…” அப்போதுதான் மேஜை மேடத்தைப் பார்த்தார். வரி ஏறினால் காரணம் ஏறும், காரணம் ஏறினால் கண்டனம் என்று அவருக்கும் விதி தெரியும். “சரி, விட்டுடலாம்” என்றார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக் கொடுத்தவர்போல உட்கார்ந்தார்.

தலைவருக்குப் பரம சந்தோஷம். “ஆக, எல்லாருக்கும் சம்மதம். நம்ம மன்றத்துல இப்படி ஒரு நாள் வரும்னு நான் நெனைக்கல.”

“எனக்குச் சம்மதமில்ல ஐயா” என்றாள் மேஜை மேடம்.

மூவரும் திரும்பினார்கள். வாசிக்கச் சொல்லாமல் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. தன் குரலில் ஏற்றமும் இறக்கமும் இருப்பது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

“இத்தன வருஷம் நான் வாசிச்சத நீங்க ஒத்துக்கிட்டது, நான் எதையும் விடமாட்டேங்கற நம்பிக்கையிலதான். ‘நான் சொல்லவே இல்ல’ன்னு சொன்னவங்கல்லாம் நான் வாசிச்சதும் உக்காந்தாங்க. இந்த ஒரு வரிய எனக்காக விட்டா, நாளைக்கு நான் எத வாசிச்சாலும், இதுல எத விட்டேன்னு கேக்கலாம். கேக்கணும். அந்த ரூம் எனக்கு வேணும் ஐயா. வேண்டாம்னு பொய் சொல்லல. அதுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டு எல்லாத் தாள்லயும் கடைசிக் கையெழுத்து நான் போடறதுன்னா, இந்தத் தாள் சரியா இருக்கணும்.”

டாக்டர் ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றி, குடிக்காமல் வைத்தார்.

“அப்ப கண்டனம் எழுதணும்” என்றார் தலைவர் பாவமாக. “யாரு எழுதறது?”

“நான்தான் எழுதணும் ஐயா. பதிவாளர் நான்தான். டாக்டர் சொல்லட்டும், அவர் கொண்டுவந்த விதி.”

டாக்டர் சொன்னார். “பதிவாளர் அவையின் கண்ணியத்துக்குக் குறைவான முறையில் சிரித்ததற்காக…” நிறுத்தினார். “எப்படிச் சிரிச்சீங்க?”

“சத்தமில்லாம.”

“அப்ப ‘சத்தமின்றி’ன்னு சேத்துக்குங்க. ‘கண்ணியத்துக்குக் குறைவா’ங்கறத எடுத்துடுங்க. ‘நீண்ட உரையின் காரணமாக’ன்னு…” அவர் முகம் கோணியது. “போடுங்க, போடுங்க. உண்மைதான.”

அந்த வரியும் காரணமும் கண்டனமும் ஒரே பக்கமாக அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் இருந்தன. பலகையைப் படிக்க வரிசை நின்றது. டாக்டர் போகும் இடமெல்லாம், “ஊசி போட்டாச்சா டாக்டர்?” என்று குரல் கொடுத்தார்கள். முதல் இரண்டு தேர்தல் கூட்டத்தில் கோபித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டார். மூன்றாவது கூட்டத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார். “ஏழு நிமிஷம்தான். ஊசி தேவைப்படாது.” ஏழாவது நிமிடம் உட்கார்ந்தார். ஜனங்களுக்கு ஆச்சரியம். அதற்கப்புறம் எல்லாக் கூட்டமும் ஏழு நிமிடம். ஏழு நிமிடத்தில் சொல்லக்கூடியது மட்டும் மிஞ்சியபோது, அவரிடம் சொல்வதற்கு உருப்படியாக நான்கு விஷயம் இருப்பது ஊருக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. ஜெயித்துவிட்டார். டிரைவிங் ஸ்கூல் அம்மா தன் வார்டில் தப்பித்தாலும் அவர் கட்சி ஜன்னல் பக்கம் போனது. “என் வாயாலயே அந்த மனுஷன மின்விசிறிக்குக் கீழ உக்கார வச்சுட்டேன்” என்று ஓராண்டு புலம்பினார். ஆனால் அந்தப் பக்கத்தின் நகல் அவருடைய டிரைவிங் ஸ்கூலில், போக்குவரத்துச் சின்னங்களுக்கு நடுவில் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருந்தது.

செயலாளர் இடத்துக்கு வெளியாளைக் கொண்டுவர இருவருமே ஒத்துக்கொள்ளவில்லை. ஓய்வுபெற வேண்டியவருக்கே ஓராண்டு நீட்டிப்பு என்று முடிவானது. பயணத்துக்குப் பெட்டியெல்லாம் வாங்கி வைத்திருந்த அந்த மனிதர் மேஜை மேடத்தோடு ஒரு மாதம் பேசவில்லை.

ஓராண்டு முடிந்த பின் வந்த முதல் கூட்டத்தில் நியமனத் தீர்மானம் வந்தது. தன்னைப் பற்றிய பொருள் என்பதால் அவள் வெளியே போக வேண்டும், விதி ஒன்பது. அவள் போன பிறகுதான், பதிவு செய்ய ஆளில்லை என்பது அவைக்கு உறைத்தது. வேறு யாரும் முன்வராததால் டாக்டர், “நான் எழுதறேன்” என்றார். அவர் எழுதினால் சரியாக இருக்காது என்று டிரைவிங் ஸ்கூல் அம்மாவும் ஒரு நோட்டை எடுத்தார்.

தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. அரை மணி நேரம் கழித்து, புதிய செயலாளரின் அறைக்குள் இருவரும் ஆளுக்கொரு பதிவோடு வந்து நின்றார்கள். எது சரியான பதிவு என்று முடிவுசெய்து கடைசிக் கையெழுத்துப் போட வேண்டியது செயலாளர்.

மேஜை மேடம் இரண்டையும் உரக்க வாசித்தாள். டாக்டரின் பதிவில், முன்மொழிந்த டாக்டரின் உரையைக் கேட்டு ஜன்னல் பக்கம் வாயடைத்து நின்றது. டிரைவிங் ஸ்கூல் அம்மாவின் பதிவில், டாக்டர் நாற்பது நிமிடம் பேசினார், பிறகு டிரைவிங் ஸ்கூல் உறுப்பினர் முன்மொழிந்தார், நீண்ட கரவொலி. நியமிக்கப்பட்டது யார் என்பதை இருவருமே எழுத மறந்திருந்தார்கள்.

“நாப்பது நிமிஷமா?” என்றார் டாக்டர். “ஆறு நிமிஷம். யார வேணும்னாலும் கேளுங்க.”

“எனக்கு நாப்பதா இருந்துச்சு” என்றார் அந்தம்மா. “வாயடைச்சு நின்னேனா? நான் உக்காந்துல்ல இருந்தேன்.”

“முன்மொழிஞ்சது நான்.”

“நான் முன்மொழிஞ்சத நீங்க திரும்பச் சொன்னீங்க.”

“உங்களுக்குக் கண்ணாடியப் பாத்துப் பின்னாடி வர்றதுதான் பழக்கம், அதனால முன்னாடி போறவங்க உங்களுக்கு…”

மேஜை மேடம் இரண்டு பதிவையும் ஓரமாக வைத்தாள். இருவரையும் உட்காரச் சொன்னாள். புதுத் தாள் ஒன்றை எடுத்து, மேலே நேரத்தைக் குறித்துக்கொண்டு, “சொல்லுங்க டாக்டர், ‘முன்னாடி போறவங்க உங்களுக்கு’, அப்புறம்?” என்று பேனாவைத் திறந்தாள்.